மேடைக் குறிப்பு: வேலி, இடமிருந்து வலம்

மூன்றாம் வருடக்காரருக்கு
அவுஸ்திரேலிய நாடகம் ஒன்று.
இரண்டு அங்கம், ஐந்து பாத்திரம், ஒரு வேலி.
வேலிக்கு அப்பால் நீர்க்குழி;
பார்ப்பவர்க்கு அது கடைசிவரை தெரியாது.
தண்ணீரின் வெளிச்சம் மட்டும்
முகங்களில் அசைய வேண்டும்.
வெளிச்சம் என் பொறுப்பு.

அலுமினியத் தட்டில் தண்ணீர் ஊற்றி
சரிவாக விளக்கடித்து
ஒரு விரலால் கலக்கினேன்.
கூரைச் சீற்றில் ஒரு கிணறு நடுங்கியது.

மண் சிவப்பாக இருக்கவேண்டுமாம்.
அதிலொரு வில்லங்கமும் இல்லை:
டிலோஜன் உரும்பிராயிலிருந்து
இரண்டு உரப்பை நிறைய
மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான்.
யூகலிப்டஸ் மரத்துக்குத்தான் அலைந்தோம்.
வாசம் போதும் என்றார் விரிவுரையாளர்.
தடிமனுக்குப் பூசும் தைலம் ஒரு போத்தல்
முன்வரிசைக் கதிரைகளின் கீழ் தெளித்தோம்.
ஒத்திகை முழுக்கக்
காய்ச்சல்காரர் அறை மணத்தது.

'மேட்' என்ற ஒரு சொல்லில்
ஒரு பகல் போயிற்று.
மச்சான் என்றால் சம்பந்தம் பேசுவது போல,
தோழர் என்றால் கட்சி வந்துவிடுகிறது.
"ஐசே எண்டு போடுங்கோ," என்றாள் சுலக்சனா,
"கோவத்திலயும் சொல்லலாம்,
கடன் கேக்கவும் சொல்லலாம்."
போட்டோம்.
பண்ணைக்காரன் கெவின்
லொறிக்காரனை, பாதிரியாரை,
காணி அளக்க வந்தவனை
எல்லாரையும் ஐசே என்கிறான்.
வேலியடியில் நிற்கும் லொரேனை மட்டும்
எந்தச் சொல்லாலும் கூப்பிடுவதில்லை.
பாத்திரப் படைப்பு என்று கொப்பியில் எழுதி
இரண்டு தரம் அடிக்கோடிட்டேன்.

அவளுடைய ஆட்கள் குடித்த குழி அது.
கருப்பொருள்: நிலம், இழப்பு, உரிமை.
இதை யாரும் எங்களுக்கு விளக்கத் தேவையில்லை.
மயிலிட்டிக்காரி மதுவந்தி,
முட்கம்பிக்கு இப்பால் நின்று
தகப்பன் தன் வீடு இருந்த திசையை
விரலால் காட்டிய கதையைச் சொன்னாள்.
யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.
தைலமாகவும் இருக்கலாம்.

லொரேனாக நடிக்கப் பதினொரு பேர்.
கெவினுக்கு ஒருவருமில்லை.
சீட்டுக் குலுக்கினோம்,
பிரகலாதனுக்கு விழுந்தது.

இரண்டாம் அங்கம், மூன்றாம் காட்சி.
லொரேன் வாளியோடு வருகிறாள்.
கெவின் வாளியைப் பார்க்கிறான். மௌனம்.
பிறகு ஒரே வசனம்:
"நில். நான் அள்ளி ஊத்திறன்."

அந்த வசனத்துக்கு
ஒத்திகை தேவைப்படவில்லை.
முகத்தை ஒருபக்கம் திருப்பி
வாளியின் விளிம்பிலும் பட்டுவிடாமல்
அவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றினான் பிரகலாதன்.
குறிப்பில் இல்லை அந்த உயரம்.
விரிவுரையாளரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பின்திரையடியில் மண் கூட்டிக்கொண்டிருந்த டிலோஜன்
தும்புத்தடியை நிமிர்த்திப் பிடித்தான்.
"எங்கட பெரியப்பாவுக்கும் உப்பிடித்தான் ஊத்தினவை.
அவுஸ்திரேலியாவில இல்லை.
உங்கட கிணத்தடியிலதான்."

எல்லோருக்கும் திடீரென்று எதையோ தேடவேண்டியிருந்தது,
பேனை, போன், செருப்பின் மற்றச் சோடி.
தட்டில் என் விரல் நின்றுபோனதில்
முகங்களில் தண்ணீர் உறைந்திருந்தது.
பிரகலாதன் வாளியையே பார்த்தான்.
இன்னொரு மாதிரி ஊற்றிப் பார்க்கவா என்று கேட்டான்.
வேண்டாம், உயரம் அப்படியே இருக்கட்டும்
என்றது விரிவுரையாளர் இல்லை,
டிலோஜன்.

அரங்கேறிய அன்று அம்மாவும் வந்திருந்தா.
அந்தக் காட்சியில் அழுதாவாம்.
திரும்பிவரும் வழியெல்லாம் சொன்னா,
"வெள்ளைக்காரர் சரியான பொல்லாதவங்கள் பிள்ளை."
நான் ஸ்கூட்டியின் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டேன்.

வளவுக்குள் வந்து
கால் கழுவக் கிணற்றடிக்குப் போனேன்.
தூணில், மற்றவற்றோடு சேராமல்
தனி ஆணியில் தொங்கியது
ஒரு நீலப் பிளாஸ்டிக் கோப்பை.

வேலி அடைக்க வருகிறவர்களுக்கு.